உத்திராபதியின் வலது கண்

இடுப்பு காலையிலேயே கழன்றுவிட்டது மாதிரி வலித்தது. எழுந்திருப்பதற்குக் கமாலுதீன் முதலில் ஒருக்களிக்க வேண்டியிருந்தது, பிறகு முட்டி போட்டு, பிறகு சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஷார்ஜாவில் கட்டடத்துக்குக் கட்டடம் பலகை சுமந்த இடுப்பு. ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அதற்கு விடுதலை இல்லை. கோட்டுச்சேரி கடைத்தெருவில் சிமெண்டு மூட்டை இறக்குகிறான். இடுப்புவலியை அவன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலிக்கிற இடம் தெரிகிறது, தைலம் தடவலாம். கை எட்டாத இடத்தில் வேறொன்று இருந்தது. அதுதான் பிடுங்கித் தின்றது.

தொழுகை முடித்து வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொல்வான். சுவர் இருக்கும். இடப்பக்கம் திரும்புவான். அங்கே உத்திராபதி உட்கார்ந்திருப்பான். காலில் வயல் சேறு. முகத்தில் வலது பாதி மட்டும் தெரியும். அதில் வெந்த மீனின் கண்ணைப் போல வெளுத்த ஒரு கண். அது இமைக்காது. கமாலுதீன் இமைத்தால் ஆள் மறைந்துவிடுவான்.

உத்திராபதி ஒன்றும் செத்துப்போனவன் இல்லை. குரும்பகரத்தில் இருக்கிறான், நெல் வயலில் கூலிக்குப் போகிறான், சாயங்காலமானால் கோட்டுச்சேரிக்கு வந்து டீ குடிக்கிறான். செத்தவன் ஆவியாக வந்தால் ஓதிப் பார்க்கலாம். உயிரோடு இருக்கிறவன் வந்து உட்கார்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

போன வருஷம் கமாலுதீன் கடைசியாக ஊர் திரும்பியபோது வழக்கம்போல் பெட்டி பிரித்தார்கள். சபராளி, வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வருகிறவன், பெட்டி பிரித்தால் சொந்தம், பக்கத்து வீடு, கூட்டாளி என்று எல்லாருக்கும் ஏதாவது போக வேண்டும். சோப்பு, தைலம், டார்ச் லைட்டு. கூடவே மருந்தும் போகும். லேபர் கேம்ப்பில் சும்மா கொடுக்கிற மாத்திரை மருந்தை ஆம்பிளைகள் தின்னாமல் சேர்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். வெளிநாட்டு மருந்துக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு. விமானத்தில் எடை கூடிவிடும் என்று அட்டைப்பெட்டியையும் உள்ளே மடித்திருக்கும் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் பாட்டிலை மட்டும் துணிக்கு நடுவில் செருகுவார்கள். அப்படி வந்தவைதான் அந்த இரண்டு கண் மருந்து பாட்டில்கள். மேலே ஒட்டியிருந்ததெல்லாம் அரபு எழுத்து. அவன் மனைவி ஜன்னத் அதை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். சின்ன வயசில் குர்ஆனை ஓதி முடித்தவள். வாசிக்கத் தெரிந்தது, அர்த்தம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அறுவடை நேரத்தில் உத்திராபதி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். மிஷின் அடித்த தூசியில் நெல் சுணை வலது கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு பேரும் மீசை முளைக்கும் முன்பே செங்கல் சூளையில் ஒன்றாக மண் மிதித்தவர்கள். கமாலுதீன் அவனைக் கட்டிலில் சாய்த்துத் தன் கையாலேயே சொட்டு விட்டான். மறுநாள் பார்த்தால் சிவப்பைக் காணோம்.

"மருந்துன்னா இதுடா மாப்ள!" என்று உத்திராபதி பாட்டிலை மடியில் முடிந்துகொண்டு போனான். கண் வெளியே வெளுத்திருந்தது, உள்ளே குடைந்தது. சிவப்பு இல்லையே என்று வேலைக்குப் போனான். குடையும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டான். பார்வையில் புகை படர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதற்குள் கண் போய்விட்டது.

அவன் திருப்பிக் கொடுத்த பாட்டிலைக் கமாலுதீன் தன் அக்கா மகன் தமீம் அன்சாரியிடம் காட்டினான். அவன் மெடிக்கலில் வேலை பார்க்கிறவன். மருந்தின் அரபுப் பேரைப் போனில் படம் பிடித்துப் போட்டுப் பார்த்தான்.

"மாமா, இதுல கிருமி மருந்தோட ஸ்டீராய்டும் கலந்துருக்கு. செவப்ப அமுக்கிப்புடும். கிருமி உள்ளாற தின்னுகிட்டே கெடக்கும். அடிபட்ட கண்ணுல டாக்டர கேக்காம ஊத்தவே கூடாது. யாருக்கும் குடுத்துடலயே?"

"இல்லடா" என்றான் கமாலுதீன்.

பாட்டிலை வாய்க்காலில் வீசினான். இரண்டாவது பாட்டில் எங்கே போனது என்று வீட்டில் கேட்கவில்லை. அந்த 'இல்லடா' மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது. டீக்கடையில் உத்திராபதி புதிதாக வருகிறவனிடமெல்லாம் சொல்வான்: "சுணை பட்டு ஒரு கண்ணு போச்சுங்க. கமாலு மட்டும் மருந்து ஊத்தலன்னா மத்ததும் போயிருக்கும்." எல்லாரும் கமாலுதீனைப் பார்ப்பார்கள். அவன் கிளாசைப் பார்ப்பான். காரைக்கால்மேட்டு மீன் வந்தால் தலைத் துண்டுக்கு வீட்டில் சண்டை போடுகிறவன், இப்போது தட்டில் மீன் தலை விழுந்தால் எழுந்து போய்விடுகிறான்.

அன்றைக்குக் காலை அவன் தொழுதுவிட்டு இடப்பக்கம் திரும்பினான். யாருமில்லை. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"மாப்ள, இருக்கியாடா?"

நிஜ உத்திராபதி. கதவு நிலையைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றான். இருந்த ஒரே கண், இடது கண், மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. இமையெல்லாம் பீளை கட்டி ஒட்டியிருந்தது.

"என்னடா இது?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து. வேர்வைத் துண்டால தொடச்சேன், அதுல ஏதோ இருந்துருக்கு. காலைல எந்திரிச்சா இமை தெறக்கல. தண்ணி ஊத்தித் தெறந்தேன். வெளிச்சம் பட்டா ஊசி குத்துது. அந்த மருந்து இருக்கா மாப்ள?"

கமாலுதீன் தொழுகைப் பாயைச் சுருட்டினான். "தீந்துபோச்சு."

"தீரலயே!" என்று உள்ளேயிருந்து ஜன்னத் வந்தாள். "ரெண்டாவது பாட்டுல நாந்தான் பிரிட்ஜில முட்டைத் தட்டுல வச்சிருக்கேன். உக்காருங்கண்ணே, எடுத்தாரேன்."

"சொன்னேன்ல! வூட்டுக்குத் தங்கச்சிதான் மகாலட்சுமி. ஒங்க ஊட்டுக்காரனுக்கு என்ன தெரியும், மூட்டை தூக்கத்தான் தெரியும்."

ஜன்னத் பாட்டிலோடு வந்தாள். பாதி குறைந்திருந்தது; தெருவில் யார் யார் கண்ணுக்கோ போயிருந்தது. பிஸ்மி சொல்லி மூடியைத் திருகினாள். உத்திராபதி நாற்காலியில் சாய்ந்து முகத்தை மேலே தூக்கினான். வெள்ளைக் கண்ணும் சிவப்புக் கண்ணும் ஒன்றாகக் கூரையைப் பார்த்தன. பாட்டில் முனை இமை முடியை நெருங்கியது.

கமாலுதீன் ஓங்கி அவள் கையைத் தட்டினான். பாட்டில் சுவரில் பட்டு உருண்டது.

"யா அல்லாஹ்! என்னங்க, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"அத ஊத்தாத."

"ஏண்டா?" உத்திராபதி நிமிர்ந்தான். "நல்ல மருந்துதான?"

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தான். "பழசாயிட்டு" என்றுதான் வந்தது. "கெளம்பு, காரைக்காலுக்குப் போவம். டாக்டர்ட்ட காட்டுவம்."

"இதுக்கு என்னத்துக்குடா ஆஸ்பத்திரி? கூலி போயிரும்."

"கண்ணு போனா கூலி இருக்குமா? எந்திரிடா."

பஸ்ஸில் உத்திராபதி துண்டால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கண்டக்டரிடம், "எனக்கு அர டிக்கெட்டு போடுங்க தம்பி, ஒத்தக் கண்ணுதான்" என்றான். கண்டக்டர் சிரித்தான். கமாலுதீன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கண்ணாடியில் வெள்ளைக் கண் தெரிந்தது. இந்த முறை இமைத்துப் பார்த்தும் அது போகவில்லை. ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழி ஓரத்திலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். மறுபடி கூப்பிட்டபோது கமாலுதீனும் கூடவே உள்ளே போனான்.

"பாக்டீரியா கிருமி. கருவிழியில சின்னப் புண்ணு. கண்டத ஊத்தாம நேரா வந்தீங்க, அதனால காப்பாத்திரலாம். அந்தக் கண்ணு என்னாச்சு?"

"நெல் சுணைங்க."

"என்ன ஊத்துனீங்க?"

உத்திராபதி கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்: வெளிநாட்டு மருந்து, ஒரே ராத்திரியில் சிவப்பு போயிட்டு, ஆனால் சுணை விடலை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சுணை கீறத்தாங்க செஞ்சிருக்கும். செவப்ப மறைக்கிற மருந்து அதுல கலந்துருந்தா, உள்ள புண்ணு பெருசாகிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நானா இருந்தா அத ஊத்தவே விட்டுருக்க மாட்டேன். யார் குடுத்தா?"

உத்திராபதியின் தலை மெதுவாகத் திரும்பியது. இடது கண் வெளிச்சத்துக்குக் கூசி இறுக மூடியிருந்தது; வலது கண் வெள்ளை. எதுவும் பார்க்க முடியாத அந்த முகம் கமாலுதீன் நின்ற இடத்தில் சரியாக வந்து நின்றது.

"ஞாபகம் இல்லீங்க" என்றான் உத்திராபதி. "யாரோ சபராளி."

டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டு எழுதினார். புது மருந்தைக் கமாலுதீன் கையில் கொடுத்தார். "கூட இருக்கிறது நீங்கதான? என் முன்னாடி ஒரு தடவ ஊத்துங்க பாக்கலாம். மொதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தான். சிமெண்டில் வெடித்த கை. உத்திராபதியின் இடது கண்ணில் கீழ் இமையை இழுத்தான். முனை இமை முடியில் உரசியது.

"வேணாம், அத வச்சிருங்க. முனை பட்டுட்டு, இனி அது ஆகாது. வேற தர்றேன். முனை கண்ணுல, இமையில, விரல்ல எதுலயும் படக்கூடாது. இமைக்குள்ள ஒரு சொட்டு. அப்புறம் மூடிகிட்டு, மூக்கோரம் விரல வச்சுக் கொஞ்ச நேரம் அழுத்தணும். இப்போதைக்கு மணிக்கொரு தடவ. செவப்பு போயிட்டுன்னு நிறுத்துனீங்கன்னா மறுபடி இங்கதான் வருவீங்க. நான் சொல்றப்பதான் நிறுத்தணும். மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுருங்க. வேற ஆளுக்குக் குடுக்காதீங்க."

கடைசி வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

டாக்டர் மாற்றிக் கொடுத்த பாட்டிலோடு கமாலுதீன் குனிந்தான். இத்தனை நாள் தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்தக் கண் அவன் மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் நரம்பு ஓடியிருந்தது. அது அசைந்தது, இடது கண் போகிற பக்கமெல்லாம் கூடவே போனது. அவன் கையை நிறுத்திப் பிடித்தான். ஒரு சொட்டு விழுந்தது. சரியாக.

உத்திராபதியை அங்கேயே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் அடுத்த சொட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது உத்திராபதி கேட்டான்.

"ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"தமீம். நீ பாட்டுல திருப்பிக் குடுத்தன்னக்கி."

"அப்பவே சொல்லிருந்தா கண்ணு திரும்பி வந்துருக்குமா?"

"வராது."

"பின்ன என்ன மயித்துக்குடா சொல்லல? டீக்கடைல ஒன்னப் பத்தி ஊரெல்லாம் பாட்டுப் பாடுனன். கேட்டுகிட்டு உக்காந்துருந்த."

நேரமானதும் கை கழுவிவிட்டு வந்து, "மேல பாரு" என்றான் கமாலுதீன். உத்திராபதி பார்த்தான்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு கமாலுதீன் வேலைக்கு நடுவில் சைக்கிளை மிதித்துக் குரும்பகரம் போய்வந்தான். உத்திராபதியின் மனைவி அன்னபூரணிக்குக் கை கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். சிவப்பு மறைந்ததும், "போதும்டா, தெரியுதே" என்று உத்திராபதி முரண்டு பிடித்தான். கமாலுதீன் விடவில்லை. டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்று மிச்ச மருந்தைக் கொல்லை மண்ணில் பிதுக்கிவிட்டுப் பாட்டிலை அன்னபூரணி குப்பையில் போட்டாள். உத்திராபதி வாசலுக்கு வந்து, வயலின் கடைசி வரப்பில் நிற்கிற மாட்டின் நிறத்தைச் சொன்னான். சரியாகச் சொன்னான். கமாலுதீனை உட்காரச் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் டீக்கடைக்கும் வருவதில்லை.

இடது கண் பிழைத்துவிட்டது. அது மருந்துக்கும் டாக்டருக்கும் சேர்ந்த கணக்கு. வலது கண்ணைப் பற்றி உத்திராபதி அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததால் கடன் இல்லையென்று ஆகிவிடாது. கமாலுதீன் உத்திராபதிக்கு ஒரு கண் பாக்கி.