விருப்ப வேலை

சோற்றுத் தட்டை நீட்டிய மகளின் கையை இன்பமேரி அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"கையைக் கொண்டா."

"கழுவிட்டேம்மா."

"கொண்டாங்கறேன்."

அக்சிலியா மூன்றாம் வகுப்புப் பிள்ளை. எதற்கு இந்தச் சோதனை என்று புரியாமல் கையை நீட்டினாள். இன்பமேரி அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். முதலில் சோப்பு வாசம் வந்தது. அதற்குப் பின்னால் பினாயில் வாசம் வந்தது.

அந்த வாசம் இன்பமேரிக்குப் புதிதல்ல. ஓமலூர்ப் பக்கத்தில் தூய்மைப் பணியாளராக இருக்கிறாள். வேலையின் பெயரை மாற்றிவைத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். சாக்கடையும் பொதுக் கழிப்பறையும் பழைய நாற்றத்தோடுதான் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் தெருக்குழாயிலேயே முழங்கை வரை தேய்த்துக் கழுவி, வெளித்தட்டி மறைவில் சேலையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பாள். தீட்டு என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அல்ல. அந்த வாசத்துக்கு மகளின் மூக்கு பழகிவிடக் கூடாது, அவ்வளவுதான். இப்போது அது மகளின் கையில் ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுன?"

"என்ற வேலையைத்தான் பண்ணுனேன். டாய்லெட் வேலை."

"உன்ற வேலையா? எப்ப இருந்து?"

"பொங்கல் லீவு முடிஞ்சதுல இருந்து."

"இத்தன நாளும் உன்ற கையில எலுமிச்ச வாசமில்ல வந்துச்சு?"

"அது நாங்களே செய்யற தண்ணிம்மா. எலுமிச்சந்தோலை வெல்லத்துல ஊறவெச்சு எடுக்கறது. அதை ஊத்தித்தான் தேய்ப்பேன். இன்னிக்கு அது தீந்துபோச்சு. அதான் பினாயில்."

இன்பமேரி கையை விட்டாள். பிள்ளை ஜூஸ் பிழியக் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்து, அந்தக் கையை முத்தமிட்டுத் தூங்கவைத்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

"யாரு உன்னைச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானேதான் கை தூக்குனேன்."

அதைச் சொல்லும்போது பிள்ளையின் முகத்தில் இருந்த பெருமையைத்தான் இன்பமேரியால் தாங்க முடியவில்லை.

அந்தப் பள்ளிக்குப் பெயர் பத்துவிரல். தாரமங்கலம் போகும் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில், ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை மட்டும். சீருடை கிடையாது, பரீட்சை கிடையாது, பிரம்பு கிடையாது. கணக்கை விதை எண்ணியும் அறிவியலைத் தோசை சுட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பெங்களூரில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்த சாரதாமணி அதை நடத்தினாள். பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. யாராவது நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

நூல் மில்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி, டாக்டர் தம்பதி என்று ஊரில் வசதிப்பட்டவர்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்திருந்தார்கள். எல்லோரும் செக்கு எண்ணெயும் சிறுதானியமும் தவிர வேறு தொடாதவர்கள். பிள்ளைகள் மண்ணில் புரள வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சிலருக்குச் சலுகையில் இடம் உண்டு. காலனியிலிருந்து அப்படிப் போனவள் அக்சிலியா ஒருத்திதான்.

ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையும் செய்தார்கள். சமையல், தோட்டம், களிமண், மரவேலை, கழிப்பறை என்று வாரம் ஒன்றாக மாறும். முதல் வருடம் பெற்றோர் அதைப் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டு மகிழ்ந்தார்கள். அப்புறம் ஒரு பிள்ளைக்கு வீசிங் வந்தது. இன்னொன்றுக்குத் தோல் அலர்ஜி. ஒரு வீட்டில் பேரப்பிள்ளை கை பட்டதைத் தாத்தா சாப்பிட மறுத்துவிட்டாராம். ஒரே வருடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு அலர்ஜி வந்து சேர்ந்தது. அந்த அலர்ஜி களிமண்ணைத் தொட்டால் வராது, தோட்டத்து எருவைத் தொட்டால் வராது, கழிப்பறை வாசலில் மட்டும் வரும்.

சாரதாமணிக்கு யாரையும் கட்டாயப்படுத்தப் பிடிக்காது. பிடிக்காததைத் திணித்தால் அது கல்வியே இல்லை என்பாள். ஆகவே முறைவைத்துச் செய்வதை நிறுத்திவிட்டு, விருப்ப வேலை என்று கொண்டுவந்தாள். பிள்ளைகளே தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் அனுப்பினார்கள். சொல்லி அனுப்பாத வீடு ஒன்றே ஒன்றுதான்.

சாப்பிட்டதும் இன்பமேரி கணவனுக்குப் போன் போட்டாள். ஞானதாஸ் போர் போடும் ரிக் வண்டியில் சத்தீஸ்கரில் இருந்தான். பின்னால் கம்ப்ரஸர் சத்தம் காதைப் பிளந்தது.

"ஏனுங்க, புள்ளைய அங்க கக்கூஸ் கழுவ உட்டிருக்கறாங்க."

அவன் தள்ளி நடந்தான் போல, சத்தம் குறைந்தது. பிறகு, "அடிச்சாங்களா?" என்றான்.

"அடிக்கல. இவளே கை தூக்குனாளாம்."

"அப்பறம் என்னத்தப் பேசறது? பல்லக் கடிச்சுட்டு இரு மேரி. அந்த மாதிரி பள்ளிக்கூடம் நம்மளுக்கு வேற எங்க கெடைக்கும்? புள்ள இங்கிலீசுல பாடுறா."

"பாடுறா. பாடிக்கிட்டே கழுவுறா."

வண்டி அடுத்த போர் போடும் இடத்துக்கு நகர்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் சந்தைப்பேட்டை வேலை முடிந்ததும் இன்பமேரி வீட்டுக்குப் போய்க் குளித்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாரதாமணி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மண் குவளையில் துளசி டீ வந்தது. இதற்கெல்லாம் குறைவே இல்லை.

"என்ற புள்ளைக்கு வேற வேலை குடுங்க மேடம்," என்றாள் இன்பமேரி. "களிமண்ணோ சமையலோ, எதோ ஒண்ணு."

"ஏங்க, அவ எவ்வளவு அழகா செய்யறா தெரியுங்களா? அவ்வளவு பொறுப்பு. கையால செய்யற வேலையில உசத்தி, தாழ்த்தின்னு நாங்க பாக்கறதில்லைங்க."

"நீங்க பாக்கறதில்லீங்க. சரி. அப்ப மத்த புள்ளைக?"

"அவங்கவங்க விருப்பம் அவங்கவங்களுக்கு. இதுவும் அக்சிலியா விருப்பப்பட்டு எடுத்ததுங்க."

"எங்க மாமியா வீடு வீடா மலம் அள்ளுனதக் கூட விருப்பப்பட்டுத்தான் செஞ்சாங்கன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க மேடம்."

சாரதாமணியின் முகம் வாடிவிட்டது. தன்னைப் போய் அப்படிச் சொல்கிறவர்கள் வரிசையில் சேர்க்கிறாளே என்று உண்மையாகவே வருந்தினாள். "நான் திணிக்க மாட்டேங்க. அவளையே கேட்டுருவோம்," என்று அக்சிலியாவைக் கூப்பிட்டாள். குனிந்து, தோளில் கை வைத்துக் கேட்டாள்.

"அக்சி கண்ணு, உனக்கு இந்த வேலை புடிச்சிருக்கா, இல்ல மாத்திக்கலாமா? உன் இஷ்டம்தான். அக்கா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு என்ன பதில் வேண்டியிருக்கிறது என்பது அந்த முகத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

"இதே இருக்கட்டும்க்கா."

சாரதாமணி இன்பமேரியைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். சனிக்கிழமை கைத்திருவிழா, கட்டாயம் வாருங்கள் என்றாள். இன்பமேரிக்கு எழுந்து போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மாலையில் மகளுக்குத் தலை வாரும்போது, கோபத்தைக் காட்டாமல் கேட்டாள். "ஏஞ்சாமி, முதமுதல்ல எதுக்குக் கை தூக்குன?"

"சாரதாக்கா டாய்லெட் வேலைக்கு யாராச்சும் வாறீங்களான்னு கேட்டாங்க. யாருமே தூக்கல. அக்கா மூஞ்சி பாவமா இருந்துச்சு." கொஞ்ச நேரம் ரிப்பனை விரலில் சுற்றினாள். "கனிஷ்கா சொன்னா, உங்கம்மா அந்த வேலைதான செய்யறாங்க, உனக்குத்தான் நல்லா வரும்னு."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

சீப்பு நின்றுவிட்டது. கூடப் படிக்கும் கனிஷ்கா நல்ல பிள்ளை. தின்பண்டத்தைப் பாதி பிய்த்து அக்சிலியாவுக்குக் கொடுப்பவள். வீட்டில் கேட்டதை அப்படியே சொன்னாள். யாரைப் போய் நோவது? இன்பமேரி பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டாள். அதையும் அவிழ்த்தாள். அன்று இரவு முழுக்க எந்த வேலையிலும் அவள் கை நிலைக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை தோப்பில் தோரணம் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் சக்கரத்தில் சட்டி வனைந்து காட்டினார்கள், கம்பு உருண்டை பிடித்தார்கள், கத்தரி நாற்று நட்டார்கள். பெற்றோர் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தார்கள். சாரதாமணியின் மகன் நவீன்குமார் வனைந்த குடுவையைக் கையில் வாங்கிப் பார்க்காதவர் இல்லை. அக்சிலியாவுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தபடி நின்றாள்.

கடைசியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். மரவேலைப் பிள்ளைகள் அறுத்து இழைத்த வட்டப் பலகை, பின்னால் ஊக்கு. தோட்டத் தலைவன், சமையல் தலைவி என்று முடிந்து, சாரதாமணி மைக்கில் குரலைக் கனிய வைத்துக்கொண்டாள்.

"இது ரொம்ப முக்கியமான விருது. யாரும் எடுக்கத் தயங்கின வேலையை ஒரு குட்டிப் பொண்ணு மனசார எடுத்துக்கிட்டா. நம்ம சுத்தத் தலைவி, அக்சிலியா. அவங்க அம்மாவே வந்து இதைக் குத்திவிடணும்."

அன்றைக்கு விழுந்த கைதட்டல்களில் அதுதான் பெரிது. தங்கள் பிள்ளைகள் தப்பித்ததற்கும் சேர்த்துத் தட்டினார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான் உண்மை.

இன்பமேரி போய்ப் பேட்ஜை வாங்கினாள். ஊக்கைத் திறந்தாள். மகளின் சட்டையைப் பார்த்தாள். பிறகு ஊக்கை மூடிவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"ரொம்பச் சந்தோசமுங்க. கை வேலையில தாழ்ந்ததுன்னு ஒண்ணுமில்லைன்னு மேடம் சொன்னாங்க. அப்படித்தானுங்க இருக்கோணும். என்ற புள்ள பொங்கல்ல இருந்து இதைச் செஞ்சு கத்துக்கிட்டா. இனி அவ சட்டி செய்யட்டும். அடுத்தாப்ல யாரு புள்ளைக்கு இதைக் குத்தட்டுங்க?"

சிலர் சிரித்தார்கள், பேச்சுக்குச் சொல்கிறாள் என்று. இன்பமேரி மைக்கை வைத்துவிட்டு, பேட்ஜை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முதல் வரிசைக்கு வந்தாள். சிரிப்பு அடங்கியது. கனிஷ்காவின் அம்மா ஸ்ரீதேவி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க பாப்பாவுக்குக் குத்தட்டுங்களா?"

"அவளுக்கு வீசிங் இருக்குதுங்க," என்றாள் ஸ்ரீதேவி. கனிஷ்காவின் முழங்கை வரை களிமண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அடுத்தவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்தவர் பிள்ளையைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். இன்பமேரி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள், பதில் வரும்வரை நின்றாள், நகர்ந்தாள். வரிசை முடிந்த இடத்தில் நவீன்குமார் குடுவையோடு உட்கார்ந்திருந்தான். அவள் சாரதாமணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பிக்கு மேடம்? கேட்டுப் பாருங்க. திணிக்க வேண்டாம்."

பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அன்று அக்சிலியா பார்த்த மாதிரியேதான் பார்த்தான். சாரதாமணி அவனருகே குனியவில்லை, தோளில் கை வைக்கவில்லை. ஒரு கேள்விதான். அது அவள் வாயிலிருந்து வரவில்லை. கம்பு உருண்டைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொன்னாள்.

கூட்டம் உருண்டைப் பக்கம் போனது. இன்பமேரி பேட்ஜை மேசையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் முன் உட்காரவைத்தாள். ஒரு கட்டி மண்ணை எடுத்து நடுவில் வைத்தாள். "சுத்து சாமி," என்றாள். அக்சிலியா சுற்றினாள். மண் ஒரு பக்கம் கோணி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாரதாமணி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு ஏதும் இல்லை.

"நீங்க சொன்னது சரிதாங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். இனிமே எந்தக் குழந்தையும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். தனியா ஒரு ஆள் போட்டுடலாம்னு இருக்கோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, அன்பாகவே சொன்னாள். "வெளியாளைத் தேடறதைவிட, மத்தியானத்துக்கு மேல நீங்களே வந்தீங்கன்னா எங்களுக்கும் நிம்மதி. உங்க பொண்ணும் கண்ணு முன்னாலேயே இருப்பா பாருங்க."

இன்பமேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இவள் இதை உதவி என்றே நினைக்கிறாள் என்பது தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது.

"எல்லாரையும் கை தூக்கச் சொல்லிக் கேளுங்க மேடம்," என்றாள். "இந்தத் தடவை நாங்க ரெண்டு பேரும் தூக்கமாட்டோம்."

சொல்லிவிட்டு மகளின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டியிருப்பது கோயில் சேலை என்றும் பார்க்காமல், களிமண்ணில் கையை வைத்தாள்.