பதினொரு மணி வரைக்கும்

கீழ்ப் பல் செட் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மேல் செட்தான் அடம்பிடித்தது. வாயில் ஈரம் இருந்தால்தான் மேல் செட் அண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் வாய் வறண்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு முறை ஏற்றிப் பார்த்தாள். இரண்டு முறையும் அது நழுவிக் கீழ்ப் பல்லின்மேல் டக்கென்று விழுந்தது. அவர் உயிரோடு இருந்தபோதும் அந்த டக் உண்டு. "என் பொண்ணு செஞ்ச பல்லு, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அதுவே பேசும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவள் மானத்தை வாங்குவார்.

பல் டாக்டர்களுக்குச் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. எத்தனையோ ஆயிரம் வாய்களுக்குப் பல் அடுக்கியிருக்கிறாள். எல்லாமே பிளாஸ்டர் அச்சுகள். நிஜ வாய்க்குள் விரல் விடுவது டாக்டருடைய வேலை. இன்றைக்கு விட வேண்டியதாயிற்று. ஒட்டும் பசையைக் கோடு போல இழுத்து, மேல் செட்டை ஏற்றி, கட்டைவிரலால் அழுத்தி முப்பது எண்ணினாள். பிடித்துக்கொண்டது. ஒரு துண்டைச் சுருட்டித் தாடைக்குக் கீழே கொடுத்தாள். கன்னம் எழும்பியது, உதடு முன்னால் வந்தது, அப்பா மறுபடி அப்பாவைப் போல ஆனார்.

அவளுக்கு அப்போது வேறெந்த எண்ணமும் இல்லை. தாடை இறுகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பார்க்க வருகிறவர்கள் பொக்கை வாயோடு யாரோ ஒரு கிழவரைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு அவர் பாதிக் காபி குடித்துவிட்டு, "சூடு பத்தலை" என்றார். அவள் சுட வைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். பொறுமை என்பது அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. டம்ளரை வைத்துவிட்டு மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காது வைத்துப் பார்த்தாள். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கையைக் கழுவிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அப்பா போயிட்டார்."

அவன் வேலைக்குப் போயிருக்கவில்லை என்பது பின்னால் பிள்ளைகளின் குரலிலிருந்து தெரிந்தது. அவன் வேறொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"யார் யார்கிட்ட சொன்னே?"

"உனக்குத்தான் முதல்ல."

"நல்லது" என்றான்.

இதில் நல்லது என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம்தான் இன்று என்ன நாள் என்று உறைத்தது.

அண்ணன் வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். அவன் பெரும்பாலும் வேலை பார்ப்பது ஒரே இடத்தில்: இரண்டு ஆள் உயர மதில், ஏழு கட்டடங்கள், நடுவே நீச்சல் குளம், இரவும் பகலும் காவல். முன்வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு தானாகத் திறக்கும். அங்கே குடியிருப்பவர்களின் முகத்துக்கு மட்டும். அண்ணனின் முகத்துக்குத் திறக்காது. அவன் பின்வாசலில் அட்டையைக் காட்டி, கருவிப் பெட்டியைத் திறந்து காட்டி, உள்ளே போய், சாயங்காலம் ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஒன்பது வருஷம் அப்படிப் போய் வந்திருக்கிறான். எந்த வீட்டுச் சமையலறையில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதுகூட அவனுக்கு மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடியிருப்பில் தரைத்தள வீடுகள் சிலவற்றை, பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கினார்கள். அண்ணனைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய வழி அது ஒன்றுதான். எழுதிப் போட்டான், காத்திருந்தான், முறை வந்தது. அப்பாவுக்குப் பயண அனுமதியும் போன மாதம் கிடைத்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு படி. இன்றைக்கு நம்மூர் நேரம் பதினொரு மணிக்கு, குடியிருக்கப் போகிற ஐந்து பேரையும் அதிகாரி பார்த்துவிட வேண்டும்: அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இருவரை அந்த வீட்டிலேயே நேரில், அப்பாவை மட்டும் வீடியோவில். ஒரு தலை குறைந்தாலும் வீடு வரிசையில் அடுத்தவனுக்கு. கையெழுத்தாகிவிட்டால் பிறகு யாரும் தலை எண்ண மாட்டார்கள்.

அந்த ஐந்தில் அவள் இல்லை. கூடப் பிறந்தவள் என்ற இனமே அவர்களுடைய படிவத்தில் கிடையாது. அப்பா அண்ணனிடம் போன பிறகு இந்த வீட்டில் அவள் மட்டும்தான் என்பது மூன்று வருஷமாக எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அப்பா மட்டும் வீட்டின் வரைபடத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்து, "ஜன்னல் பக்கம் என் கட்டில்" என்று வருகிறவர்களுக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா" என்றான் அண்ணன். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. "பதினொரு மணி வரைக்கும். அவ்வளவுதான் கேக்கறேன். தூங்கறார்னு சொல்லிடலாம்."

"யார் சொல்றது?"

"போனை நீதானே பிடிக்கப்போறே."

"செத்தவரைக் காட்டச் சொல்றியா?"

"அப்பாவைக் காட்டச் சொல்றேன்."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷமாகக் கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடி, அப்பாவின் காலைக் கழுவி, கட்டு மாற்றி, மருந்து கொடுத்தது அவள். இப்போது அழக்கூட ஒருவனிடம் நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

"முடியாதுன்னா விட்டுடு" என்றான். "உன்னைக் கட்டாயப்படுத்தல."

கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா அவ முகத்துலயும் பிள்ளைங்க முகத்துலயும் எழுதி ஒட்டியிருக்கும்."

"உன் முகத்துல?"

"ஒன்பது வருஷமா வீட்டுக்காரங்க முன்னாடி நிக்கறேன். அதுக்குன்னு ஒரு முகம் வெச்சிருக்கேன்" என்றான். பிறகு மெதுவாக, "கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

"காபி சூடு பத்தலைன்னார்."

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. போனை வைத்துவிட்டான்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது அடித்ததும் எழுந்து ரேடியோவைப் போட்டாள். தினமும் ஒன்பதுக்கு அப்பாவின் ரேடியோ பாடாவிட்டால் மாடி வீட்டு டீச்சர் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிடுவார். போட்ட பிறகும் வந்தார். பேப்பர் வாங்கத்தான்.

"ஐயா எழுந்தாச்சா?"

"தூங்கறார் டீச்சர்."

"ரேடியோ ஓடுதே?"

"அது ஓடினாத்தான் அவருக்குத் தூக்கம்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். நிறுத்திப் பாரு, உடனே முழிச்சுக்குவார்" என்று பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார் டீச்சர். படியில் நின்று, "ஊருக்குப் போறதுக்குள்ள அவர்கிட்ட ஒருதரம் உக்காந்து பேசணும்" என்றார்.

"பேசுங்க டீச்சர்."

கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே வந்தாள். ரேடியோவை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டாள்.

அப்பா முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடிப்பார். "பொய் சொல்றவன் கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிப்பான்" என்பார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டா இந்தத் திருட்டுப் பயணம்? அவரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கட்டில் எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்த மனிதர்.

பத்தே முக்காலுக்கு எழுந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, தாடைக்குக் கீழே இருந்த துண்டை மறைத்தாள். தலையை ஈரச் சீப்பால் வாரிவிட்டாள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்தாள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்பது தெரியக் கூடாது. ஆகவே போனைத் தலைமாட்டிலிருந்து முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான், தான் சம்மதித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

பதினொன்றுக்குப் போன் அடித்தது. திரையில் அந்த வீட்டுக் கூடம். சாமான் எதுவும் இல்லாத வெள்ளைச் சுவர்கள். அதிகாரி அம்மாள் கையில் படிவம் செருகிய ஒரு பலகையோடு நின்றிருந்தாள். நம் பாஷை பேசுகிறவள். அவளுக்குப் பின்னால் அண்ணன் சலவைச் சட்டையில், அண்ணி புதுப் புடவையில், பெரியவன், சின்னவள்.

"ஐயா எங்கே? போன தடவை என்னையே கேள்வி கேட்டாரே" என்றாள் அதிகாரி. "பக்கத்து வீட்டுக்காரங்க பேசுவாங்களா, கதவைச் சாத்திக்குவாங்களான்னு. சாத்திக்குவாங்கன்னு சொன்னேன். அப்படின்னா தொல்லை இல்லைன்னார்."

"தூங்கறார் மேடம்" என்றாள் அவள். குரல் சாதாரணமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "ராத்திரி சரியா தூங்கல. மருந்து கொடுத்திருக்கு."

"பரவாயில்லை, எழுப்பாதீங்க. முகத்தை மட்டும் காட்டுங்க."

போனைத் திருப்பினாள். ஒரு கையில் போன். இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் தலைமேல் வைத்தாள். தலை குளிர்ந்து போயிருந்தது.

"தாத்தா பல்லு போட்டுக்கிட்டே தூங்கறார்!" என்று கத்தினாள் சின்னவள்.

செட் வைத்திருக்கிற யாரும் அதைப் போட்டுக்கொண்டு தூங்க மாட்டார்கள். தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று வேலைக் கூடத்திலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு எழுதி வைப்பதே அவள்தான். தாத்தா தூங்கினால் கன்னம் உள்ளே போய்விடும் என்பது விடுமுறைக்கு வந்து போகிற ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு, அதே தொழிலில் கிடக்கிறவளுக்கு, தோன்றாமல் போய்விட்டது.

திரையின் ஓரத்தில் அண்ணன் தெரிந்தான். வீட்டுக்காரர்களுக்கென்று வைத்திருந்த முகம் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

அண்ணிதான் சிரித்தாள். "பாருங்க மேடம், உங்களுக்காகப் பல்லு போட்டுக்கிட்டு காலையிலேருந்து காத்திருந்திருக்கார் எங்க மாமா. அப்படியே கண் அசந்துட்டார்!"

"எனக்காகவா?" என்றாள் அதிகாரி. அவளும் சிரித்தாள். பிறகு திரைக்குக் கொஞ்சம் நெருங்கி வந்து பார்த்தாள். சிரிப்பு மெதுவாக அடங்கியது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது தெரியாது. ரேடியோவில் ஒரு விளம்பரம் முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது.

"போதும்மா" என்றாள் கடைசியில். "பார்த்துட்டேன். போனைத் திருப்பிக்கோங்க."

அந்த அம்மாளுக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாளா, இல்லை கண்ணாடி போடாமல் பார்த்தாளா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணனும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

போனோடு வெளிக் கூடத்துக்கு வந்து நின்றாள். திரையில் அதிகாரி ஐந்து இடத்தில் குறி போட்டாள். அண்ணன் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவனை ஒரு சின்னக் கருவிக்கு முன்னால் நிற்க வைத்து முகத்தைப் பதிந்துகொண்டார்கள். "இனிமே முன்வாசல்லயே வரலாம்" என்றாள் அதிகாரி. எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரே கூச்சல். பெரியவன் வெறும் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடினான். சின்னவள் ஒவ்வொரு அறையாகப் போய் எதிரொலிக்காகத் தன் பெயரையே கத்தினாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் சிவந்து, பல் அத்தனையும் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் அவனை அப்படி அவள் பார்த்ததில்லை. அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பாப்பா, கிடைச்சிடுச்சு! வீடு நமக்குத்தான்! போ, போ, அப்பாகிட்ட சொல்லு!"

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். இருவருமே போனை வைக்கவில்லை.

"சரிண்ணா" என்றாள்.

போனை மேசைமேல் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் குனிந்து, வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.