அறுபது பேர் வேலை செய்யும் கம்பெனி

கவரைப்பேட்டையில் தொழிற்சாலைகளுக்கு லைசென்ஸ் வாங்கித் தரும் ஆபீசில் கிரேஸ் வேலை பார்த்தாள். வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து அங்கே ஒரு கேள்வித்தாள் வரும். எந்த நாட்டில் தொழில் நடத்துவது சுலபம் என்று உலகத்துக்கே ரேங்க் போடுகிறவர்கள் அனுப்புவது. ‘அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது யாருக்கும் லஞ்சம் கொடுப்பதில்லை. அதன் மனு எங்கேயும் தொலைவதில்லை. அதற்குக் கரண்ட் கிடைக்க எத்தனை நாள் ஆகும்?’ கற்பனைதானே, காசா பணமா!

நிஜத்தில் அவள் கணவன் அந்தோணி கரண்டுக்கு மனுப் போட்டுப் பதினாலு மாசம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மனை எடுத்து, பாட்டில் மூடி செய்யும் மிஷினை இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். அடுத்த மாசக் கடைசிக்குள் மிஷின் ஓடாவிட்டால் மனை கையை விட்டுப் போய்விடும். மனுஷன் நாயாய் அலைந்தான்.

“நானூத்தி இருவத்தாறு நாள்னு போடட்டா சார்?” என்று முதலாளி துளசிராமனைக் கேட்டாள்.

“நம்ம மானத்த நாமளே வாங்கறதா? சட்டத்துல இன்னா கீதோ அதப் போடும்மா.”

முப்பது என்று போட்டாள். அடுத்த கட்டம் கற்பனைக் கம்பெனிக்கு ஒரு இடம் கேட்டது. நப்பாசையில் அந்தோணியின் மனை எண்ணை அடித்துவிட்டாள். எழுத்திலாவது அங்கே கரண்ட் வரட்டுமே.

கேள்வித்தாளை அனுப்பிச் சரியாக முப்பதாம் நாள் மத்தியானம் அந்தோணி போன் செய்தான்.

“கரண்ட் வந்துச்சி கிரேஸு! ஃபேன்லாம் சுத்துது!”

ஃபேனா? அங்கே சுவரே கிடையாதே! ஆட்டோ பிடித்து ஓடினாள். மனை முழுக்க வேலிகாத்தான் முள். கேட்டருகே அவன் பைக் மட்டும் நின்றது. கம்பமில்லை, ஒயரில்லை, தார்ப்பாய் போட்ட மிஷினும் இல்லை. ஆனால் செருப்பையும் தாண்டித் தரை கிர்ரென்று அதிர்ந்தது.

போன் போட்டாள். “எங்க கீறீங்க?”

“உள்ளதான். நீ கேட்டாண்ட நிக்கறது நல்லாத் தெரியுது. அம்பத்தொம்போது பேரு வேல செய்றாங்க, எல்லாம் தங்கமான ஆளுங்க. ஒரு ஆளு கொறையுதாம், என்னியச் சேத்துக்கினாங்க.”

“வெளிய வாங்க! எனக்கு பயமா கீது.”

“ஷிப்ட் முடியட்டும்.”

ஷிப்ட் முடியவேயில்லை. போலீஸ் வந்து முள்ளை வெட்டித் தேடியும் யாரும் அகப்படவில்லை. போன் செய்தால் மட்டும் எடுப்பான். “இதோ முடியப் போவுது” என்பான், ரொம்ப சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம்தான் அவளை அரித்துத் தின்றது.

மறு வருஷம் நாடு ரேங்க்கில் ஏறிவிட்டதென்று துளசிராமன் லட்டு வாங்கிக் கொடுத்தார். பின்னாலேயே புதுக் கேள்வித்தாளும் வந்தது. இந்தத் தடவை உண்மையைத்தான் எழுதுவது, அப்போதாவது அவன் ஷிப்ட் முடியும் என்று கிரேஸ் உறுதியாயிருந்தாள். தைரியத்துக்கு அந்தோணியோடு போனில் பேசிக்கொண்டே, முப்பதை அழித்து நானூற்று இருபத்தாறு என்று அடித்தாள்.

“கிரேஸு,” என்றான் அந்தோணி. “லைட்டு மங்குதும்மா. இன்னான்னே தெர்ல, எனக்கு மூச்சு முட்டுது.”

அவசர அவசரமாக அழித்து, முப்பது என்று போட்டாள். போட்டுவிட்டு, மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.