கேட்க மட்டும் தெரிந்த பெட்டி

மின்னல் விழுந்து தீவு நிலையத்தின் ரேடியோ கருகிப்போயிருந்தது. புது ரேடியோ தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கோபுரத்து ஆன்டெனாவாவது பிழைத்திருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக் கருவியோடு உட்கார்ந்தாள் நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் செரெயானா. நல்ல கேபிளும் ரேடியோவோடு எரிந்துவிட்டது. கையில் கிடைத்தது டிவிக்காரர்களின் எழுபத்தைந்து ஓம் கேபிள். கருவியோ ஐம்பது ஓம். பொருந்தாத சம்பந்தம். திருகு என்னவோ ஏறியது. ஆனால் கேபிளின் ஊசி மெல்லியது, கருவியின் துளை பெரியது; உள்ளே லொடலொடவென்று ஆடியது. விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தால்தான் கருவியின் ஸ்பீக்கர் இரைந்தது.

அழுத்தினாள். வந்தது அவள் புருஷன் மனாசாவின் குரல்.

"நிலையம்... நிலையம்... யாராவது இருக்கீங்களா?"

வாசலில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த அவள் தம்பி விலியாமே சிரித்தான். "மச்சானுக்கு மீன் மாட்டல போல. பேச்சுத்துணை தேடுறாரு."

"வாயை மூடுடா!"

"படகு கவுந்துடுச்சு. வடக்குப் பவளத்திட்டுக்கு வெளியே. மேல ஏறி உக்காந்திருக்கேன்."

விலியாமே கிழங்கைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினான். அவன் படகின் எஞ்சின் உறுமுவது கேட்டது.

செரெயானா நகரவில்லை. விரலை எடுத்தால் குரல் போய்விடும். அந்தக் கருவிக்குக் கேட்கத்தான் தெரியும், பேசத் தெரியாது. தீவின் ஒரே கைரேடியோ மனாசாவிடம்தான் இருந்தது. எல்லாம் தெரிந்தும் அவள் பேசினாள்.

"தம்பி வர்றான்யா. கொஞ்சம் பொறுத்துக்க."

"யாருக்கும் கேக்கல போல" என்றது குரல். "திட்டு பக்கத்துலதான் தெரியுது. நீந்திப் போயிடுறேன்."

"வேணாம்யா! நீரோட்டம் இழுத்துடும்! படகை விடாத!"

"என் பொண்டாட்டி செரு திட்டுவா. வந்து வாங்கிக்கறேன்."

பாவி மனுஷன் சிரித்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஊசி நழுவிவிட்டதோ என்று நகம் வெளுக்க அழுத்தினாள். நழுவவில்லை. இரைச்சல் வந்துகொண்டேதான் இருந்தது.

சாயங்காலம் விலியாமே அந்தப் படகை இழுத்துக்கொண்டு திரும்பினான். கவிழ்ந்திருந்தாலும் முழுசாக மிதந்தது. நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கியிருக்கும். மேலே யாருமில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து அக்காவின் எதிரில் நின்று அழுதான்.

"படகுலயே இருந்திருந்தா தூக்கிட்டு வந்திருப்பேனே. நான் வர்றேன்னு மச்சான்கிட்ட நீ ஏன்க்கா சொல்லல?"