சந்துக்குள் நுழையாத வண்டி

மாமாவுக்கு வேலை போகப்போகிறது என்று அக்கா சொன்னபோது நான் படுத்துக்கொண்டிருந்தேன். நண்பகல் பன்னிரண்டு மணி.

"எழுந்திருடா ராக்கோழி. உன்னால ஆகவேண்டிய காரியம் ஒண்ணு வந்திருக்கு. பிறந்ததுலேருந்து முதல் தடவையா."

ராக்கோழி என்பது மாமா எனக்கு வைத்த பெயர். இரண்டு வருஷம் ஒரு லாரி கம்பெனியின் கண்காணிப்பு அறையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். திரையில் ஊரும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு, எந்த லாரி நின்றாலும் ஓட்டுநரைக் கூப்பிட்டு ஏன் நிற்கிறாய் என்று கேட்பது என் வேலை. ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொன்றாகச் சொன்னேன். அதிலிருந்து அக்கா வீட்டு முன்னறைதான் எனக்கு இருப்பிடம். வேலை போனாலும் இரவுத் தூக்கம் திரும்பவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை.

அக்காவின் கணவரான மாமா குப்பை வண்டி ஓட்டுகிறார். பத்தொன்பது வருஷமாக. சின்ன வண்டி, ஓட்டுவதும் தொட்டிகளை இழுத்து வந்து கொட்டுவதும் அவர் ஒருவரே. இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனி எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பொருத்தியது. அது சொல்கிறது: மாமாவின் வண்டி நாற்பது நாளாக ஒரு குறிப்பிட்ட சந்துக்குள் நுழையவே இல்லை. சந்து முனையில் இருபது நிமிஷம் நிற்கிறது, பிறகு கிளம்பிவிடுகிறது. வண்டி நுழையாத தெரு, குப்பை எடுக்காத தெரு. கம்பெனிக்கு அவ்வளவுதான் தெரியும். வெள்ளிக்கிழமை விசாரணை. சொல்கிற பதில் சரியில்லை என்றால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

"அந்தச் சந்துல பதினோரு தொட்டி மாப்ளே. பதினொண்ணும் தினமும் காலியாகுது," என்றார் மாமா, சாப்பிட்டுக்கொண்டே. "ஒரு வீட்டுக்காரன் குறை சொல்லிருக்கானா? மனுஷன் யாரும் சொல்லல. டப்பா சொல்லுது. மனுஷன் பேச்சை விட டப்பா பேச்சுதான் இப்ப எடுபடுது."

"அந்த டப்பா சரியா தப்பான்னு நீ கண்டுபிடிச்சுக் குடு," என்று அக்கா என்னிடம் சொன்னாள். தண்ணீர் டம்ளரை மாமாவின் இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் வைத்தாள். அதைப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

என்னிடம் ஒரு ரிசீவர் இருந்தது. பழைய வேலையிலிருந்து நான் திருப்பிக் கொடுக்காத ஒரே பொருள். தீப்பெட்டி அளவு, கறுப்பு, அடியில் காந்தம், ஒரு வால் மாதிரி வயர். வயரை லேப்டாப்பில் செருகி வரைபட மென்பொருளைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

இதில் மந்திரம் கிடையாது. ரிசீவர் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டுத் தான் இருக்கும் இடத்தை வினாடிக்கு ஒரு முறை எழுத்து வரிகளாக அனுப்பும். மென்பொருள் அந்த வரியைப் படித்து வரைபடத்தில் புள்ளி வைக்கும். இரண்டும் சந்திக்கும் வாசலுக்குப் போர்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ரிசீவர் ஐந்தாம் போர்ட்டில் பேசிக்கொண்டிருந்தது. மென்பொருள் மூன்றாம் போர்ட்டில் காதை வைத்துக்கொண்டிருந்தது.

"உங்க அக்காவும் நானும் பேசிக்கிற மாதிரி இருக்கு," என்றார் மாமா.

எண்ணை மாற்றினேன். இப்போது கிறுக்கலாக வந்தது. பேசுகிற வேகமும் கேட்கிற வேகமும் ஒத்துப்போகவில்லை. வேகத்தைக் குறைத்து 4800 என்று வைத்ததும் வரிகள் சுத்தமாக விழுந்தன. ஒவ்வொரு வரியும் டாலர் குறியோடு தொடங்கும்.

"அடேங்கப்பா, டாலரா கொட்டுதே. அக்காவைக் கூப்பிடு, முறத்தை எடுத்துட்டு வரட்டும்."

ஆனால் வரிகளில் எண் இல்லை, வெறும் காற்புள்ளிகள்தான். கூரைக்குக் கீழே வானம் தெரியாதே. ரிசீவரை ஜன்னல் விளிம்பில் வைத்துக் காத்திருந்தேன். சில நிமிஷங்களில் வரிகள் நிரம்பின. எங்கள் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி உட்கார்ந்தது. உட்கார்ந்த புள்ளி சும்மா இருக்கவில்லை. மெல்ல நகர்ந்து தெருவைக் கடந்தது, எதிர் மாடிக் கட்டடத்துக்குள் போனது, திரும்பி வந்தது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலால் அது அப்படித்தான் ஆடும். இருபது நிமிஷம் பதிவு செய்தேன். அசையாத ரிசீவர் அதிகபட்சம் முப்பத்து நாலு மீட்டர் உலா போயிருந்தது.

"உக்காந்த இடத்துலேருந்தே ஊர் சுத்துது," மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "மாப்ளே, இது உன்னை விடக் கெட்டிக்காரன். நீ உக்காந்தா உக்காந்ததுதான்." அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். "முப்பத்து நாலு மீட்டர்! சந்தே அறுபது மீட்டர்தான். இதைக் காட்டினா போதும்."

"ஜன்னல்ல வெச்சு எடுத்தது எப்படிப் போதும்?" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "நாளைக்கு வண்டியிலயே வெச்சு எடுடா. கூடவே உக்காந்து போ. அந்தச் சந்து வரைக்கும் போ."

மாமா சிரிப்பை நிறுத்தினார். "அதெல்லாம் எதுக்கு? இவன் காலையில எழுந்திருப்பானா?"

"தூங்கினாத்தானே எழுந்திருக்கணும்," என்றேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ரிசீவரை வண்டியின் கூரையில் ஒட்டினேன். வயர் கதவு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. லேப்டாப் மடியில். மென்பொருளில் ஒரு வசதி உண்டு. புள்ளி கொஞ்சம் விலகினாலும் அதைப் பக்கத்துச் சாலையின் மேல் இழுத்து வைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவும் பொய். அதை அணைத்தேன். எனக்குத் திருத்தாத புள்ளி வேண்டியிருந்தது.

திறந்த வானத்தின் கீழ் புள்ளி ஒழுக்கமாக நடந்தது. வண்டி ஓரமாக ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கியது. இது நமக்கு நல்ல செய்தியில்லை என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. இங்கே இவ்வளவு சரியாக இருப்பது சந்தில் மட்டும் ஏன் தப்பாகப் போகவேண்டும்? மாமாவிடம் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் ஆந்தை மாதிரி கழுத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். வயதாக வயதாக நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சந்து முனையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கதவைத் திறந்து இறங்கப்போனார்.

"எங்க மாமா? உள்ள ஓட்டுங்க. அதுக்குத்தானே வந்தோம்."

ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார்.

முதல் வீட்டு வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டி அவரை நோக்கிப் போனது. மாமா பார்த்திருப்பார் என்று ஒரு வினாடி காத்திருந்தேன். அந்த வினாடியை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். வண்டி நேராகவில்லை.

"மாமா!"

பிரேக். லேப்டாப் மடியிலிருந்து பாய்ந்து டாஷ்போர்டில் மோதியது. அந்த ஆளின் முழங்காலுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு சாண். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஏன் கத்தினாய் என்று மாமா கேட்கவில்லை.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

நாற்காலிக்காரரைக் கைகாட்டினேன். அவர் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்து, பழைய இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்தார். திரையில் புள்ளி சந்துக்குள் இரண்டு மீட்டர் போய்த் திரும்பியிருந்தது.

"எவ்ளோ நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்து. நேரா பாத்தா எல்லாம் தெரியும். இடது ஓரம் மட்டும்தான். இருட்டுன்னு சொல்ல முடியாது மாப்ளே. இருட்டா இருந்தா இருட்டுன்னாவது தெரியும். அங்க எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும், அவ்ளோதான்."

"டாக்டர்கிட்ட?"

"போனா வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துருவாரே."

"அக்காவுக்கு?"

"அவளுக்கு எதுக்கு? நீ வாயை மூடிக்கிட்டு இரு."

இறங்கிச் சந்துக்குள் நடந்தார். முதல் தொட்டியை இழுத்து வந்தார். கொட்டினார், காலித் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனார், அடுத்ததை இழுத்து வந்தார். மூன்றாவது நடையில் நான் ரிசீவரைக் கூரையிலிருந்து பிய்த்து என் தொப்பியின் மேல் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் திறந்த லேப்டாப்போடு அவர் பின்னால் போனேன். ஏன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

பேப்பர்க்காரர் தலையை நிமிர்த்தினார். "ரெண்டு பேரும் சேர்ந்து எதைத் தேடறீங்க?"

"குப்பையை," என்றார் மாமா.

சந்துச் சுவர்கள் உயரமில்லை. புள்ளி அவரோடு உள்ளே போய் அவரோடு திரும்பியது, ஒவ்வொரு முறையும், கோடு பிசகாமல். விட்டுப்போன இரண்டு நடைக்கும் சேர்த்துக் கடைசியில் வெறுங்கையோடு அவரை நடக்க வைத்தேன். திட்டிக்கொண்டே நடந்தார். திரையில் சந்து முழுக்க நூல் இழுத்த மாதிரி பதினோரு கோடுகள். டப்பா பொய் சொல்லவில்லை. வண்டி நுழையவில்லை, மனுஷன் நுழைந்தான். மனுஷன் மேல் கம்பெனி எதையும் பொருத்தவில்லை.

வியாழக்கிழமை இரண்டு தாள்களை அச்செடுத்தேன். ஒன்று ஜன்னலில் ஆடிய புள்ளி. இன்னொன்று பதினோரு நூல்.

"ரெண்டாவது வேண்டாம்," என்றார் மாமா. அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

"பெரிய ரோட்டுலயும் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கு மாமா."

"தலையைத் திருப்பிப் பாத்துக்கறேன். முடியாத இடத்துல இறங்கி நடக்கறேன். யாரை இடிச்சேன் இதுவரைக்கும்?"

"நேத்து ஒரு சாண்."

"நீ ஓட்டச் சொன்ன!" குரல் உயர்ந்து தணிந்தது. "மாப்ளே, நீ வேலையைப் பாதியில போட்டுட்டு வந்தவன். விடறது உனக்குச் சுலபம். எனக்கு இதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

சரி, முதல் தாளை மட்டும் காட்டுகிறேன் என்றேன். இருக்க இடம் கொடுத்தவர் என்ற நன்றியால் ஒத்துக்கொண்டதாகச் சொல்லலாம். அதெல்லாம் இல்லை. சண்டை போடச் சோம்பல். இரண்டாவது தாள் என் பையிலேயே இருந்தது.

விசாரணை என்பது ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு சூப்பர்வைசர் அம்மா. சுவரில் பெரிய திரை, அதில் வண்டிகளின் புள்ளிகள். நான் தலை நிமிராமல் உட்கார்ந்தேன். புள்ளிகளைப் பார்த்தால் இன்னும் எது நிற்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவேன்.

அந்த அம்மா முதல் தாளை இரண்டு வினாடி பார்த்தார். "சும்மா வெச்சிருந்ததே முப்பத்து நாலு மீட்டரா? இந்தக் கருவியால தினமும் எனக்கு நாலு டிரைவரோட சண்டை." தாளின் அடியில் 'கருவிக் கோளாறு' என்று எழுதி முத்திரை குத்தினார். போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, கையெழுத்துக்காகத் தாளை மாமாவிடம் நீட்டினார். மாமாவின் இடப்பக்கமாக.

மாமா நேராகப் பார்த்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். தாள் அந்தரத்தில் நின்றது. ஒரு வினாடி. இரண்டு. மூன்று. போனில் பேசிக்கொண்டிருந்த அம்மா பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

நான் மாமாவின் வலப்பக்கத்தில் இருந்தேன். முழங்காலால் லேசாக இடித்திருந்தால் போதும். இடிக்கவில்லை.

அறை அமைதியாகிவிட்டதை மாமா கவனித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பினார். தாளை வாங்கினார், மேசையில் வைத்தார், உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"மாப்ளே," என்றார். "அந்த இன்னொண்ணையும் குடு."

கொடுத்தேன். அந்த அம்மா நூல்களை எண்ணினார். "என்ன இது?"

"அது நான்தான் மேடம். வண்டி வெளியிலதான் நின்னுச்சு. டப்பா சொன்னது சரி."

"ஏன் உள்ள கொண்டுபோகல?"

"இப்ப பேப்பரை நீட்டினீங்களே மேடம். எவ்ளோ நேரம் நீட்டினீங்க?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நூல்களை மறுபடி எண்ணினார். "பதினோரு தடவை நடந்து போய் வந்தீங்களா? நாப்பது நாளும்?"

"ஞாயித்துக்கிழமை லீவு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "சாவியை வெச்சிட்டுப் போங்க. டாக்டர் சீட்டோட வாங்க. வேற வேலை இருக்கான்னு கேட்டுப் பாக்கறேன். வாக்கு எதுவும் குடுக்கல."

மாமா சாவியை மேசையில் வைத்தார். அது விழுந்துவிடாமல் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைத்தார்.

வீட்டில் நான்தான் சொன்னேன். மாமா குளிக்கப் போய்விட்டார். அக்கா கேட்டுக்கொண்டே டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மாமா உட்காரும் இடத்துக்கு வலப்பக்கம் வைத்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"இடது பக்கம் தண்ணியை வெச்சுட்டு நிக்கறேன், தண்ணி எங்கடின்னு கத்துவாரு. கூடக் குடித்தனம் பண்றவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் டப்பா சரியா தப்பான்னு என்னைப் பாக்கச் சொன்ன?"

"நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. எடுபடாது. வண்டியில ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து போனா தானா தெரியும்னு நினைச்சேன். வீட்டுல சும்மா இருந்தது நீ ஒருத்தன்தான்."

குளியலறையில் தண்ணீர் நின்றது. அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு டாக்டர். நீ கூடப் போற. எந்தப் பக்கமா நடக்கணும்னு தெரியும்ல?"