பேர்போன வாத்தியார்

கணக்குப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு கடைகளுக்கு வந்த அன்று, அதை எழுதிய வாத்தியாரின் பாதங்கள் இரண்டும் மறைந்துபோயின. வலியும் இல்லை, நடையிலும் குறை இல்லை. டாக்டர் பாதம் இருக்கவேண்டிய இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாத்தியார் காலில் எதை மாட்டினாலும் அதுவும் சேர்ந்தே மறைந்ததால், பழைய செருப்பையே தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று செருப்புக் கடைக்காரர் நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

காரணம் முதலில் புரிந்தது வாத்தியார் மனைவிக்குத்தான். பதிப்பகம் அவளுடைய அண்ணனுடையது. சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறையில் அதைத் தொடங்கியபோது பாடம் முழுவதையும் வாத்தியார் எழுதினார். அண்ணன் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக அலைந்து விற்றார். அவள் பசை காய்ச்சி அட்டை ஒட்டினாள். முதல் பதிப்பின் அட்டையில் இரண்டு ஆண்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. இரண்டாம் பதிப்பில் வாத்தியாரின் பெயர் கீழே இறங்கிச் சிறுத்தது. அந்த வருடம் அவருடைய கால் நகங்கள் கண்ணாடிபோல ஆனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பதிப்பில் பெயர் அட்டையைவிட்டு உள்பக்கத்துக்குப் போனது. “அட்டையில இடம் பத்தல மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் அண்ணன். வாத்தியார் தப்பாக நினைக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கம்பெனி கிடுகிடுவென வளர்ந்தது. வாடகை அச்சகம் போய்ச் சொந்த அச்சகம் வந்தது, பிறகு பாடக் கேசட், பிறகு வீடியோ. எல்லாவற்றிலும் பாடம் வாத்தியாருடையது. பெயர் மட்டும் முன்னுரைக்கு நகர்ந்து, அங்கிருந்து நன்றிப் பக்கத்துக்கு நகர்ந்து, கடைசியில் தட்டச்சு செய்தவருக்கும் அட்டைப்படம் வரைந்தவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டது. அவருக்கு முழங்கால் போனது, தொடை போனது, இடுப்பு போனது. வகுப்பில் பாதி உடம்பு அந்தரத்தில் நின்று பின்னங்களை விளக்கியது. பிள்ளைகள் சில நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுப்பாடக் கவலைக்குத் திரும்பினார்கள். பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவருக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

மறைவு மார்பை எட்டியதும் அவள் அண்ணனைப் பார்க்கப் போனாள். முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

“அண்ணா, அவர் பேர மறுபடி அட்டையில போடுங்க. இன்னும் மூஞ்சிதான் பாக்கி.”

“எனக்கு மட்டும் மனசு இல்லையாம்மா? ரெண்டு பேர் இருந்தா கடைக்காரன் யாரக் கேக்குறதுன்னு முழிக்கிறான். கம்பெனின்னா ஒரு குடும்பப் பேர்தான் நிக்கணும்.”

“அவரும் குடும்பம்தானே?”

“நீ குடும்பம். அவர் உன் வீட்டுக்காரர்.” அண்ணன் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார். “உன் பொண்ணு மேல படிக்கணும்ங்கிறா. அத நான் பாத்துக்கறேன். உன்னையும் இங்க டைரக்டரா போடறேன். வேற என்ன வேணும் உனக்கு?”

அவள் அந்தக் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பேனா கேட்டாள்.

வீட்டில் வாத்தியார் கேட்டதற்கு, “அண்ணன் இன்னிக்கு ரொம்ப வேலையா இருந்தார், பேச முடியல” என்றாள். “பரவாயில்ல, நீ சாப்டியா?” என்றார் அவர். அவள் அவருக்குத் தட்டு வைத்தாள்.

அடுத்த பதிப்பில் வாத்தியாரின் பெயர் எங்குமே இல்லை. ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “உன் பேர் நல்லா எடுப்பா வந்திருக்கு” என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகமும் போயிற்று. அவள் எழுந்துபோய் முகம் இருந்த இடத்தைத் தேடித் தொட்டாள். மீசை ஈரமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் தெருக்கோடிவரை தெரிந்தாள். கடைகளில் அவளுக்குத்தான் முதலில் நிறுத்துப் போட்டார்கள். வருகைப்பதிவுக்குப் புகைப்படம் எடுக்க முடியவில்லை என்று பள்ளிக்கூடம் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பியது.

கம்பெனி செல்போனுக்குள் புகுந்தபோது ‘கணக்கு மாமா’ என்றொரு பொம்மை வாத்தியாரை உருவாக்கினார்கள். சரிந்த மூக்குக்கண்ணாடி, பேசுவதற்கு முன் கழுத்தைத் தேய்த்துக்கொள்வது, “எங்க, இன்னொரு தரம் பாப்போமா?” என்கிற கேள்வி எல்லாம் அப்படியே இருந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் பிள்ளைகள் அதனோடு சேர்ந்து கழுத்தைத் தேய்த்தார்கள். மகள் செல்போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது அப்பாம்மா. நீங்க அந்தக் கம்பெனி டைரக்டர். ஒரு வார்த்த கேக்கமாட்டீங்களா?”

காலி நாற்காலிதான் பேசியது. “விடும்மா. அவனுக்காவது கால் இருக்கு.”

மகள் கடைசிவருடப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். அப்பாவுக்கு மட்டும் போன் செய்வாள். அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

கம்பெனியின் புதுக் கண்ணாடிக் கட்டடத் திறப்பு விழாவுக்குக் கணவன் மனைவி இருவரும் போனார்கள். முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வாத்தியார் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வந்து அமர்ந்த அண்ணி, தன் கைப்பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். பை நாற்காலிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பின்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள், பிறகு மேடையைப் பார்த்தார்கள்.

“கனமா இருக்குதாங்க?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“இல்ல. உன்னைக் கூப்பிடறாங்க பார், போ.”

‘நிறுவனத்தின் முதல் ஆசிரியர்’ என்று அறிவித்தார்கள். அவள் மேடையேறிச் சால்வையை வாங்கிக்கொண்டு, கீழே பார்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பை மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. விழா முடிந்ததும் அண்ணி வந்து பையை எடுத்துக்கொண்டாள். உள்ளே ஏதாவது குறைகிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, கார் நின்ற பக்கமாக நடந்தாள்.