உளறாடல் சார்

வாலு இறந்துபோன செய்தியை அவருடைய மகள்தான் போனில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம் அங்கிள். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்னு அம்மா ஆசைப்படறாங்க."

பேட்டியாளர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் 'மாலை உரையாடல்' நடத்தியவர் அவர். டாக்டர்கள், நீதிபதிகள் என்று பெரிய மனிதர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பார். கேள்விதான் கொஞ்சம் நீளம். கண்ணாடியைக் கழற்றுவார், கோட்டு நுனியில் துடைப்பார், "அதாவது, நான் என்ன கேக்க வரேன்னா..." என்று ஆரம்பிப்பார். அதே தொலைக்காட்சியின் நகைச்சுவைக் குழுவில் இருந்த வாலு அதை 'மாலை உளறாடல்' ஆக்கினார். அதில் பேட்டியாளர் வேஷத்தில் வாலு கேட்டுக்கொண்டே இருப்பார். விருந்தாளி தூங்கி எழுந்து, சவரம் செய்து, கல்யாணம் முடித்து, கைக்குழந்தையோடு திரும்பி வருவார். கேள்வி முடிந்திருக்காது.

ஊரே சிரித்தது. பிறகு அசலைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. ஓர் இதய நோய் டாக்டர், பேட்டியின் நடுவிலேயே அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கடைத்தெருவில் அவர் பெயர் 'உளறாடல் சார்' ஆனது. "வாலுவை அப்படியே பண்றீங்களே சார்!" என்று பாராட்டியவர்களும் உண்டு.

வாலுமேல் அவருக்கு இருந்த கோபம் ஆஸ்பத்திரியில்தான் தீர்ந்தது. அவர் மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது வாலு சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அதாவது அக்கா, நான் என்ன கேக்க வரேன்னா..." என்று தொடங்கி, மாத்திரை போட்டாச்சா என்ற ஒரே கேள்வியை நர்ஸ் வந்து துரத்தும்வரை கேட்டார். பல நாளாக வாய் திறக்காதவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உங்களைவிட நல்லா பண்றாரு" என்றாள் கணவனிடம். அதன்பிறகு அவள் பேசவில்லை.

இதைத்தான் கூட்டத்தில் சொல்ல நினைத்திருந்தார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் பழைய துணுக்குகள் ஓடின. தலை நரைத்தவர்கள் வசனங்களைக் கூடவே முணுமுணுத்தார்கள். "வெள்ளிக்கிழமை ஆனா தெருவே காலியா கிடக்குமே, ஞாபகம் இருக்கா?" என்று பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார். விளக்கு போட்டதும் இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

"வாலு எனக்குச் செஞ்ச உதவியைப் பத்தி..." என்றார். குரல் காதில் விழுந்ததுமே முன்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். பொறுத்துக்கொண்டு தொடர்ந்தார். "என் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தப்போ..."

கண்ணீர் கண்ணை மறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

மண்டபம் வெடித்தது. விசில் பறந்தது. "இல்ல, இல்ல" என்று கையை ஆட்டினார்; அதற்கும் சிரித்தார்கள். அவர் துக்கத்தைக்கூட யாரோ முன்பே நடித்து முடித்திருந்தார்கள். தப்பிக்க வழி தெரியாமல் வாய் தானாகவே திறந்தது. "அதாவது, நான் என்ன சொல்ல வரேன்னா..."

கூட்டம் முழுக்க அவரோடு சேர்ந்து அதை ஒரே குரலில் சொன்னது. வாலுவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்தபின் அதட்டவும் மனம் வரவில்லை. கைகூப்பிவிட்டு இறங்கினார்.

அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் போனதுக்கப்புறம் இன்னிக்குத்தாங்க சிரிச்சேன். அவரே வந்து பேசின மாதிரி இருந்துச்சு."

"சந்தோஷம்மா" என்றார்.

வாசலில் மகள் பின்னாலேயே வந்தாள். "அங்கிள், ஆஸ்பத்திரின்னு ஏதோ சொல்ல வந்தீங்களே. நெஜமாத்தானே?"

அவள் ஒருத்திக்காவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "உங்கப்பா ஒருநாள் வந்தார்ம்மா. வந்து, என் மனைவி பக்கத்துல..."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள என்ன பாடுபட்டும் கன்னம் துடித்தது. "சாரி அங்கிள். சொல்லுங்க. ப்ளீஸ், சொல்லுங்க."

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றார் அவர்.

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடு. அம்மாவைத் தனியா விடாதே."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் டாக்சிக்குக் கை காட்டினார்.